அருவிக்கரைக் கடையும் மது உரிமமும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் ஆனி மாதம் முதல் ஆவணி முடியும் வரை, ஐந்தருவிச் சாலையிலும் பழைய குற்றாலம் போகும் வழியிலும் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் ஒரு கேள்விக்கு அடிக்கடி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரும் நாலு பேர் பரோட்டாவும் கோழியும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, பின்னால உக்காந்துக்கிடலாமா?" என்று கேட்பார்கள். எதற்கு இடம் கேட்கிறார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். சிலர் மறுத்துவிடுகிறார்கள். சிலர் பின்கட்டைக் காட்டுகிறார்கள். இன்னும் சிலர், இதைச் சட்டப்படியே செய்ய வழி உண்டா என்று விசாரிக்கிறார்கள். அந்த விசாரணையைத்தான் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஊர்ப்புறத்துச் சிறு தொழில் ஒன்று மது பரிமாறலாமா? பரிமாறலாம் என்றோ கூடாது என்றோ சொல்ல வேண்டியவர் யார்? இரண்டும் ஒரே கேள்வியின் மேலடுக்கும் கீழடுக்கும் ஆகும். மேலடுக்கைச் சட்டம் விரைவில் முடித்துவிடுகிறது. கீழடுக்குக்கு வாசகர் சற்றுப் பொறுமை காட்ட வேண்டும்.

சட்டத்திலிருந்து தொடங்குவதே முறை. தேநீர் ஆற்றுகிறவருக்கும் வடை சுடுகிறவருக்கும் தம் தொழிலைச் செய்ய அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு உரிமை தருகிறது. உள்ளாட்சியும் உணவுப் பாதுகாப்புத் துறையும் நிபந்தனை விதிக்கலாம். தொழிலே கூடாது என்றால் அதற்குத் தக்க காரணம் சொல்லியாக வேண்டும். மது வணிகத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மது அருந்துவதைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்று 47-ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. போதை தரும் மதுவகைகள் மாநிலப் பட்டியலின் 8-ஆம் இனத்தில் வருகின்றன. மது விற்பது எவருக்கும் அடிப்படை உரிமை ஆகாது என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இத்துறையில் உரிமை எவருக்கும் இல்லை, உரிமம்தான் உண்டு. உரிமை ஒருவரிடம் முன்பே இருப்பது. உரிமம் இன்னொருவர் எழுதிக் கொடுத்துப் பெறுவது, ஆண்டுதோறும் புதுப்பிப்பது, நிபந்தனை மீறினால் பறிபோவது.

இந்த வேறுபாட்டிலிருந்து முக்கியமான ஒரு முடிவு பிறக்கிறது. உரிமை உள்ள இடத்தில், தடுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். உரிமம் மட்டுமே உள்ள இடத்தில், கொடுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் ஓரிடத்தில் மது பரிமாறப்படலாம் என்று அரசு முடிவு செய்தால், ஏன் இந்த இடம், ஏன் இவர், இதனால் யாருக்கு என்ன நேரும் என்பவற்றுக்கு விடை வைத்திருக்கும் கடமை அரசைச் சேர்ந்தது. அந்த விடையை அது யாருக்குச் சொல்கிறது என்பதை இனி ஒவ்வொரு படியாகக் கவனிப்போம்.

தமிழ்நாட்டில் இன்றும் மது விற்பனையை ஆள்வது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். ராஜாஜியின் அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1948-இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-இல் மு. கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டு, 1974-க்குள் மீண்டும் திரும்பியது. 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 1987 தொடக்கத்தில் கள் தடை செய்யப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. இவ்வளவு திருப்பங்களுக்கும் தாய்ச்சட்டம் மாறவில்லை. விலக்குதான் பொது விதி, விற்பனை அதற்கு அளிக்கப்படும் தளர்வு. உரிமமும் கடையும் பாரும் அந்தப் பொது விதியில் அங்கங்கே திறக்கப்பட்ட வாசல்கள்.

அந்த வாசல்கள் எவை? ஒன்று, டாஸ்மாக் கடையும் அதை ஒட்டிய பாரும். பார் நடத்துபவர் மது விற்பதில்லை. கடையில் வாங்கி வருபவர் உட்கார்ந்து குடிக்க இடமும் தின்பண்டமும் கொடுத்து, காலிப் பாட்டில்களைச் சேர்த்துக்கொள்ள ஒப்பந்தப்புள்ளி மூலம் அவர் அனுமதி பெறுகிறார். இரண்டாவது, மனமகிழ் மன்றங்களுக்கான எஃப்.எல்.2 உரிமம். மூன்றாவது, நட்சத்திரத் தகுதி பெற்ற ஓட்டல்களுக்கான எஃப்.எல்.3 உரிமம். இவை தவிர ராணுவ உணவகம், விமான நிலையம் போன்ற தனி இனங்கள் உண்டு. இலஞ்சியில் நாலு அறை கொண்ட தோப்பு விடுதி நடத்துபவரோ மத்தளம்பாறைப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருப்பவரோ இவற்றில் எதிலும் நுழைய முடியாது. நட்சத்திரம் பெறும் அளவுக்கு அவர் பெரியவர் இல்லை. உறுப்பினர் பட்டியலும் நிர்வாகக் குழுவும் கொண்ட மன்றம் இல்லை. பார் வேண்டுமானால் பக்கத்திலேயே டாஸ்மாக் கடை இருக்க வேண்டும். ஆக, சட்டம் அவருக்குத் தரும் விடை 'கூடாது' என்பது. அந்த விடை அவருடைய கடையைப் பார்த்துத் தரப்பட்டதன்று, அவருடைய அளவைப் பார்த்துத் தரப்பட்டது.

அளவு தகுதிக்கு அடையாளம் ஆகுமா என்பது பொதுவெளியில் ஒருமுறை கூர்மையாகச் சோதிக்கப்பட்டது. 2023-இல் எஃப்.எல்.12 என்ற புதிய சிறப்பு உரிமத்தை உருவாக்கி, திருமண மண்டபங்களிலும் விருந்துக் கூடங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் நிகழ்ச்சி நாளில் மது பரிமாறலாம் என்று அரசு விதி திருத்தியது. ஏப்ரலில் அது வெளியே தெரிந்ததும் மாநிலம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. உடனே திருமண மண்டபம் விதியிலிருந்து நீக்கப்பட்டது. கல்யாண மண்டபம் ஊர்ப்புறத்தில் மிகப் பரவலான சிறு தொழில். அங்கே பாட்டியும் பேத்தியும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். அந்த இடம் எப்படிப்பட்ட இடம் என்று மக்கள் கேட்டார்கள். அரசின் விதி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. இடத்தின் இயல்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற உணர்வு நம் மக்களிடம் ஆழமாக இருப்பதற்கு அந்தச் சில நாட்கள் நல்ல சான்று.

இடத்தின் இயல்பை நம் விதிகள் கவனிக்கவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள், வழிபாட்டு இடத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் பிற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை கூடாது என்கின்றன. அந்தத் தூரம் வானத்தில் கோடு போட்டு அளப்பதன்று. கடை வாசலிலிருந்து கோயில் அல்லது பள்ளி வாசல் வரை, நடந்து போகிறவர் வழக்கமாகப் போகும் வழியில் அளப்பது. குற்றாலம் பேரூராட்சி என்பதால் 100 மீட்டர் கணக்கே பொருந்தும். நல்ல ஏற்பாடுதான். குற்றாலநாதர் கோயிலை அது காக்கிறது, சித்திரசபையைக் காக்கிறது, பள்ளிக்கூடத்தைக் காக்கிறது. அருவியை அது காப்பதில்லை. பேரருவி கோயிலை ஒட்டி விழுவதால் அந்தப் பாதுகாப்பில் அதற்கும் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. ஐந்தருவியும் புலியருவியும் பழைய குற்றாலமும் தாமாக அந்தப் பட்டியலில் இல்லை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் நனைந்த துணியோடு நிற்கும் ஒரு வெளி, தூர விதியின் கண்ணுக்கு வெறும் நிலம்.

இவ்விடத்தில் அருவியின் தன்மையைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பாதுகாப்பு என்ற சொல் இங்கே தனிப் பொருள் கொள்கிறது. மேலே காட்டுக்குள் மழை கொட்டும்போது கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். வெள்ளம் வரும் செய்தி, குளித்துக்கொண்டிருப்பவருக்குச் சில நிமிடம் முன்னால்தான் தெரியும். போலீஸ்காரர் விசில் ஊதினால் அந்த நொடியில் காது கேட்க வேண்டும், கால் நிற்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் குழந்தையின் கையைப் பிடிக்கத் தோன்ற வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. அந்தச் சாவுக்கும் மதுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தெளிவோடு இருப்பவரையே கொண்டுபோகும் நீர் அது என்பதற்காகச் சொல்கிறேன். அத்தகைய நீருக்குப் பக்கத்தில் தெளிவைக் குறைக்கும் ஒரு பொருளைப் பரிமாற எவர் உரிமம் கேட்டாலும், கடை பெரிதா சிறிதா என்று பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த படி, மக்கள்தொகை. தமிழ்நாடு அரசுக்கும் கே. பாலுவுக்கும் இடையிலான வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஓரத்திலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கடை சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியவும் கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 பேர் வரை வாழும் உள்ளாட்சிகளில் அந்தத் தூரத்தை 220 மீட்டராகக் குறைத்தது. அவ்வாண்டு ஜூலையில் நகராட்சிப் பகுதிகளை இந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று விளக்கியது. 2018 பிப்ரவரியில், ஓர் ஊராட்சிப் பகுதி நகரத்தன்மை கொண்டதா என்று பார்த்து விலக்கு அளிப்பதை மாநில அரசுகளிடமே விட்டது. சாலையில் சாகிறவர்களைக் காக்கத் தொடங்கிய ஒரு தீர்ப்பு, 14 மாதங்களில் இத்தனை வடிவம் எடுத்தது.

அந்தத் தீர்ப்பின் விளைவைத் தமிழக ஊர்கள் நேரில் கண்டன. 2017 ஏப்ரல் 1 முதல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து நீங்கின. அவற்றுக்கு மாற்று இடம் ஊருக்குள்ளும் வயல் வரப்புகளிலும் தேடப்பட்டது. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் உட்படப் பல ஊர்களில் பெண்கள் சாலையில் இறங்கினார்கள். கடை வருகிறது என்று அவர்களிடம் எவரும் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை. ஒரு கட்டடத்துக்கு வாடகை பேசி, அட்டைப்பெட்டிகள் இறங்கும்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. தூரத்தை அளந்தாயிற்று, விதி நிறைவேறியாயிற்று, பிறகு கேட்க என்ன இருக்கிறது என்பதே அலுவலகத்தின் நிலை. ஊரின் கேள்வி வேறாக இருந்தது.

மக்கள்தொகை என்ற அளவுகோல் குற்றாலத்தில் எப்படி வேலை செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். பேரூராட்சியில் நிலையாக வாழ்பவர்கள் சில ஆயிரம் பேர். சீசனில் வருகிறவர்கள் லட்சக்கணக்கில். மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள், கேரளத்திலிருந்து காரில் வருவார்கள். கார்த்திகை, மார்கழியில் இதே அருவிக்கு ஐயப்ப பக்தர்கள் வந்து நீராடிவிட்டுச் செங்கோட்டை, புளியரை வழியாக மலை ஏறுகிறார்கள். ஆடி மாதத்துக் குற்றாலமும் மார்கழி மாதத்துக் குற்றாலமும் ஒரே ஊர், இரு வேறு கூட்டம். கணக்கெடுப்பு அட்டவணையில் இருப்பவரோ இந்த இரண்டு கூட்டமும் போன பிறகு மாசியில் தெருவைக் கூட்டுகிறவர். உரிமம் தருவதால் வரும் வரவு வந்து போகிறவரிடமிருந்து கிடைக்கிறது. அதனால் வரும் தொல்லை தங்கி வாழ்கிறவர் வீட்டில் நிற்கிறது. உடைந்த பாட்டில் கிடப்பது அவர்களுடைய தோப்பில், ஓடையில். இரவுக் கூச்சல் கேட்பது அவர்களுடைய திண்ணையில். பழக்கம் தொற்றிக்கொள்வது அவர்களுடைய பிள்ளைகளிடம். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் விதி இந்த இரு தரப்பையும் பிரித்துப் பார்க்க அறியாது.

இனி, இப்பகுதிக்கே உரிய ஓர் அடுக்குக்கு வருவோம். செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூரை ஊரார் இன்றும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறார்கள். பரோட்டாவுக்குப் பெயர் பெற்ற அந்த இடத்துக்கு அப்பெயர் வந்தது, திருவிதாங்கூரின் எல்லை ஒரு காலத்தில் அங்கே நின்றதால். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மேற்கே மலைக்கு நகர்ந்தது. இன்று புளியரையைக் கடந்து கணவாய் ஏறி ஆரியங்காவுப் பக்கம் இறங்கினால் வேறொரு சட்டம் தொடங்கிவிடுகிறது. கேரளத்தில் கள் சட்டப்படியான பானம். உரிமம் பெற்ற கள்ளுக்கடையில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் கள்ளும் ஒரே மேசைக்கு வருகின்றன. அதாவது, நம் பரோட்டாக் கடைக்காரருக்குத் தமிழ்நாட்டில் மூடியிருக்கும் வாசல், ஒரு மலைக்கு அப்பால் அவரைப் போன்ற எளிய கடைக்காரருக்குத் திறந்திருக்கிறது. அதே சமயம், அங்கே கள்ளுக்கடைக்கும் பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் இடையே 400 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. இறக்குபவருக்கும் விற்பவருக்கும் 1969 முதல் நல நிதிச் சட்டம் உண்டு.

இதைக் காட்டித் தமிழ்நாட்டிலும் கள்ளை அனுமதிக்க வேண்டும் என்று பனைத் தொழிலாளரும் தென்னை விவசாயிகளும் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் வாதத்தில் வலு இருக்கிறது. ஆலையில் வடித்த சரக்கை அரசே விற்கும்போது, மரத்திலிருந்து இறக்கியதை இறக்கியவர் விற்கக் கூடாது என்பதற்கு நேர்மையான காரணம் சொல்வது கடினம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தடை என்ற சொல்லால் மட்டும் ஏழையைக் காக்க முடியாது என்பதையும் அது உணர்த்தியது. ஆனாலும் கள் கூடுமா என்பது ஒரு கேள்வி, இந்த இடத்தில் கூடுமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நான் ஆம் என்று சொல்லத் தயங்கமாட்டேன். அதனால் அருவிக்கரையில் கூடும் என்று ஆகிவிடாது. கேரளத்தின் 400 மீட்டர் விதியே இதற்குத் துணை. பொருளை ஏற்றுக்கொண்ட ஒரு மாநிலம், இடத்தின் விஷயத்தில் நம்மைவிடக் கண்டிப்பாக இருக்கிறது.

பொருளையும் இடத்தையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் நறவும் தேறலும் விருந்தின் பகுதியாக வருகின்றன. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் கள்ளுண்பதைக் கண்டித்துப் பாடினார் என்பது எல்லாரும் அறிந்தது. அந்த அதிகாரத்தை அவர் எங்கே வைத்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவறத்தில் வைத்தவர், கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் வைத்தார். அதற்கு முன்னே வரைவின் மகளிர், பின்னே சூது, அதற்கும் பின்னே மருந்து. பொருட்பால் அரசையும் குடியையும் செல்வத்தையும் பேசும் பகுதி. ஒருவன் தனிமையில் காக்கும் நோன்பாக அன்றி, நாட்டின் நலத்தையும் குடும்பத்தின் பொருளையும் தொடும் விஷயமாக அவர் இதைக் கருதினார் என்று கொள்ள இந்த வைப்புமுறை இடம் தருகிறது. அப்படியானால் இது ஊர் கூடிப் பேச வேண்டிய பொருள் என்பதும் பெறப்படும்.

ஊர் கூடிப் பேசி முடிவு செய்யும் முறை பிற இடங்களில் எப்படி அமைந்திருக்கிறது? இங்கிலாந்தில் ஒரு சிற்றூர்க் கடைக்காரர் மது பரிமாற விரும்பினால் உள்ளூர் மன்றத்தின் உரிமக் குழுவிடம் விண்ணப்பிக்கிறார். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குழுவுக்கு நான்கு நோக்கங்களைத் தந்திருக்கிறது: குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லையைத் தடுத்தல், குழந்தைகளைத் தீங்கிலிருந்து காத்தல். ஸ்காட்லாந்து இரண்டாண்டு கழித்துத் தன் சட்டத்தில் ஐந்தாவதாகப் பொதுச் சுகாதாரத்தைச் சேர்த்துக்கொண்டது. விண்ணப்பம் விளம்பரப்படுத்தப்படுகிறது. சுற்றி வாழ்பவர் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். எதிர்ப்பு வந்தால் விசாரணை நடக்கிறது, முடிவுக்குக் காரணம் எழுதப்படுகிறது. அங்கே குடிப்பழக்கம் நம்மைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் கடை சிறிதா பெரிதா என்பதைவிட, இந்தக் கடை இந்த இடத்தில் என்ன செய்யும் என்பதை அந்த முறை கேட்கிறது. தருகிறவர் காரணம் சொல்ல வேண்டும் என்று தொடக்கத்தில் கண்டோமே, அந்தக் கடமை அங்கே ஊராரின் முகத்துக்கு நேரே நிறைவேற்றப்படுகிறது.

அயல்நாட்டுக்குப் போகாமலேயே பாடம் உண்டு. மராட்டியத்தில் ஒரு கிராமத்தின் பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால், மதுக்கடை வேண்டுமா என்பதற்கு வாக்கெடுப்பு நடத்த வழி இருக்கிறது. வாக்குச் சீட்டில் ஒரு பாட்டில் நிற்கும், ஒரு பாட்டில் படுத்துக் கிடக்கும். படுத்த பாட்டிலுக்குப் போதிய பெரும்பான்மை கிடைத்தால் கடை மூடப்படும். பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், போதைப் பொருளின் விற்பனையைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் அப்பகுதிக் கிராம சபைக்கே அதிகாரம் தருகிறது. ஆனால் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டின் எந்தப் பகுதியும் இல்லாததால் அது நமக்குப் பயன்படுவதில்லை. கேரளத்தில் சில காலம் உள்ளாட்சியின் தடையின்மைச் சான்று தேவைப்பட்டது. 2017-இல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது பிழை என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் அத்தகைய முறையான வழி இல்லாததால் என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு பெயரைச் சொன்னால் போதும். காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறினார். உயிரோடு இறங்கவில்லை. கோயிலும் பள்ளியும் பக்கத்தில் இருக்கின்றன, இந்தக் கடையை மாற்றுங்கள் என்று ஊரார் கேட்டதையே அவரும் கேட்டார். அந்தக் கோரிக்கையை ஒரு மேசை முன் உட்கார்ந்து கேட்கவும், எழுத்தில் விடை சொல்லவும் சட்டத்தில் ஓர் இடம் இருந்திருந்தால், வயதான ஒரு மனிதர் கோபுரம் ஏற வேண்டி வந்திருக்குமா என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. மறு ஆண்டே ஆட்சி 500 கடைகளை மூடியது. 2017-இல் மேலும் 500, 2023 ஜூனில் இன்னும் 500. ஒவ்வொரு முறையும் தலைநகரில் ஓர் எண் தீர்மானிக்கப்பட்டு ஊர்களுக்குப் பகிரப்பட்டது. ஊர்கள் கேட்டுப் பெற்றவையாக அவை வரவில்லை.

இத்தனை அடுக்குகளையும் கடந்து நம் கடைக்காரரிடம் திரும்பினால் அவர் நிலை முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். அவருக்கு உரிமம் கிடைக்காது. ஆனால் டாஸ்மாக்கில் வாங்கிய குவார்ட்டரோடு வருகிறவர் அவர் கடைக்குத்தான் வருவார். தண்ணீர்ப் பாட்டிலும் பிளாஸ்டிக் டம்ளரும் ஆம்லெட்டும் கேட்பார். கொடுத்தால், உரிமமில்லாத இடத்தில் குடிக்க இடம் கொடுத்த குற்றம் அவர் தலையில் விழும். மறுத்தால், வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போகும். மதுவை விற்ற வருவாய் அரசுக்கு, விற்பனைக்குப் பின் வரும் சண்டையும் வாந்தியும் வழக்கும் அவருக்கு. இந்தப் பங்கீடு நியாயமற்றது. இதைச் சரிசெய்ய அவருக்கும் ஓர் உரிமம் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. உரிமம் பெற்ற நாளிலிருந்து அவர் கடை சாப்பாட்டுக் கடையாக இருக்காது. குடும்பத்தோடு வருகிறவர்கள் முதலில் நிற்பார்கள். பிறகு கடையில் பாத்திரம் தேய்க்கும் பெண் நிற்பார். குடிக்க வருகிறவர் நெடுநேரம் உட்காருகிறவர், சாப்பிட வருகிறவர் சீக்கிரம் எழுந்து இடம் விடுகிறவர். சீசனில் இலை எத்தனை விழுந்தது என்பதை வைத்துப் பிழைக்கும் கடைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆகவே அருவி சூழ்ந்த இந்த வட்டாரத்தில், சிறு கடைக்கு மட்டுமன்றி நட்சத்திர விடுதிக்கும் மனமகிழ் மன்றத்துக்கும் டாஸ்மாக் பாருக்கும், 'கூடாது' என்பதே பொருத்தமான விடை என்பது என் முடிவு. பெரியவருக்குத் திறந்து சிறியவருக்கு மூடும் தடையை ஊர் மதிக்காது. கோயிலுக்கும் பள்ளிக்கும் தரும் தூரக் காப்பை அருவித்துறைகளுக்கும், அவற்றுக்குப் போகும் நடைவழிகளுக்கும் நீட்டினால் போதும். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். உரிய விதிகளில் சிறு திருத்தம் அதைச் செய்துவிடும். அருவியை விட்டு விலகிய ஊர்களில் என்ன செய்வது என்பதை அந்தந்த ஊர் சொல்லட்டும். தென்காசி நகரத்துக்கு ஏற்றது கடையநல்லூருக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை.

ஊர் எங்கே கூடிச் சொல்வது என்பதே கடைசிச் சிக்கல். கிராம சபை கூடும் நாட்களில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவை அடங்கும். இந்நான்கும் மதுக்கடைகளுக்கு விடுமுறை நாட்களே. கடை மூடியிருக்கும் அந்த நாட்களில் 'மதுக்கடை வேண்டாம்' என்று எத்தனையோ ஊர்களில் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தோடு நீதிமன்றம் போனவர்களில் வென்றவரும் உண்டு, தோற்றவரும் உண்டு. காரணம், சில்லறை விற்பனை விதிகளில் கிராம சபையின் ஒப்புதல் ஒரு நிபந்தனையாக இடம்பெறவில்லை. குற்றாலத்தில் இதற்கு மேலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியைச் சேர்ந்தது. அங்கே கிராம சபை உண்டு, அதில் எழுந்து பேச ஒரு பெண்ணுக்கு இடம் உண்டு. பேரருவி இருப்பது பேரூராட்சியில். பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. ஒரே மலையின் நீர் விழும் இரண்டு துறைகளில், ஒன்றின் கரையில் வாழ்பவர் தீர்மானம் எழுதலாம். மற்றதன் கரையில் வாழ்பவர் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு தென்காசி ஆட்சியர் அலுவலகம் போக வேண்டும். தென்காசி தனி மாவட்டமான 2019 நவம்பருக்கு முன் அந்த மனுவைத் திருநெல்வேலி வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்போது பயணம் சுருங்கியிருக்கிறது. மனுவைப் பெறுகிறவர் எழுத்தில் காரணம் சொல்லித்தான் விடை தர வேண்டும் என்ற விதி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.